நாலு நிமிஷத்தில் பன்னிரண்டு இடம்

பல்கலைக்கழகத்தின் மேற்குப் பகுதிக்குப் பகல் ரோந்து அவர்தான். ராத்திரி கேட்டைப் பூட்டிவிடுவார்கள், ரோந்து கிடையாது. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும். மற்றபடி எல்லாருக்கும் அவர் உருண்டை. ஆள் அப்படி. பதினெட்டு வருஷ சர்வீஸ்.

ரோந்து என்றால் சும்மா காலை வீசி நடப்பதில்லை. பன்னிரண்டு இடத்தில், சுவருக்கு ஒன்றாக, இரும்பு வில்லை மாட்டியிருக்கும். கையில் ஒரு மெஷின் கொடுப்பார்கள். ஆட்கள் அதைக் குச்சி என்பார்கள். குச்சியால் வில்லையைத் தொட்டால் 'கீங்' என்று கத்தி, இடத்தின் பெயரைச் சின்னத் திரையில் காட்டும். எங்கே எத்தனை மணிக்குப் போனார் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். யாரும் ஏமாற்ற முடியாது என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

வேதியியல் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஏறி முட்டி விண்விண்ணென்று தெறித்த ஒரு நாள், உருண்டை ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தார். ஒரே வாரத்தில் பன்னிரண்டு வில்லையும் காவல் அறை மேஜைக்கு அடியில் வரிசையாக வந்து சேர்ந்தன. அப்புறம் என்ன, உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கீங். ஒரு மணி நேரத்தில் ரோந்தும் முடியும், இரண்டு டீயும் முடியும்.

எட்டு மாதம் வண்டி இப்படி ஓடியது. ஒரு நாள் மத்தியானம் அகோரப் பசி. கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் பன்னிரண்டையும் மடமடவென்று தொட்டுவிட்டு ஓடினார். அங்கேதான் கோட்டை விட்டார்.

மாதக் கடைசியில் ஆபீஸ் எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டி, யார் சீக்கிரம் ரோந்து முடித்தார் என்று பார்த்தார். உருண்டையின் போட்டோ பலகையில் ஏறியது. 'மாதத்தின் சிறந்த காவலர். பன்னிரண்டு இடம், நாலு நிமிஷம்.'

புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி அந்தப் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. உருண்டையைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீ முன்னால நட. நானும் மத்த ரோந்து ஆளுங்க ரெண்டு பேரும் பின்னால வர்றோம். எப்படித்தான் நடக்குறேன்னு நாங்களும் கத்துக்கணும்ல?"

ரோந்தில் பொய்ப் பதிவு என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விதிப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு உருண்டை குச்சியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு, வில்லைகளைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் கொட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி வேதியியல் கட்டடத்தில்தான் துப்புரவு வேலை. போனில் சொல்லியிருந்தார், ஸ்டூலோடு தயாராக நின்றாள்.

"எட்டு மாசமா அந்தச் சுவத்துல நாலு ஓட்டையத்தான் தொடச்சிக்கிட்டு இருக்கேன். கேட்டா முறைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"இப்ப அதுவா பேச்சு? ஸ்டூலைப் பிடி."

"பிடிக்கிறேன். இங்க மாட்ட வேண்டியது எதுங்க?"

உருண்டை டப்பாவைப் பார்த்தார். பன்னிரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. மேஜைக்கு அடியில் இருந்தவரை எது எதுவென்று வரிசை தெரியும். டப்பாவில் கொட்டியதோடு அது போச்சு. தொட்டுப் பார்க்கக் குச்சியும் கையில் இல்லை.

"ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

"திருட்டு வேலை பண்றவன் லிஸ்டா எழுதுவான்?"

"நல்லாருக்கு! வேலை போச்சுன்னா நாள் முழுக்க வீட்ல என்னைச் சுத்தித்தான் ரோந்து வருவீங்க. எனக்காகவாவது எதையாச்சும் மாட்டுங்க."

இருட்டுவதற்குள் பன்னிரண்டும் சுவர் ஏறின. எது எங்கே என்பது மட்டும் கடவுளுக்கே வெளிச்சம்.

மறுநாள் குச்சியை அதிகாரி தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நூலக வாசலில் கீங். திரையைப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். அடுத்த மூன்று இடத்திலும் அப்படியே. வேதியியல் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது அவருக்கே மூச்சு வாங்கியது. கீங்.

"தண்ணீர்த் தொட்டி" என்று உரக்கப் படித்தார். "ஏன்யா, தொட்டி எப்போ மாடி ஏறிச்சு?"

பின்னால் வந்த இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வெயில்ல மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும் சார்."

"இருக்கும், இருக்கும். நட."

ஆறாவது இடம் சைக்கிள் கொட்டகை. சீட் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மாணவி ஒருத்தி உருண்டையைப் பார்த்ததும் நின்றாள்.

"அப்பாடா, இப்பவாவது இங்க ஒரு காவலரைப் போட்டீங்களே! மூணு தடவை சீட்டைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க அண்ணா. நின்னுக்கிட்டே ஓட்டப் பழகிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உருண்டைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் போகும்வரை பொறுத்திருந்தார்.

"சார், மெஷினுக்குக் கிறுக்கு இல்ல. எனக்குத்தான்."

ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்டூல் பிடித்த ஆளை மட்டும் சொல்லவில்லை.

அதிகாரி கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தார்.

"எனக்கு நேத்தே தெரியும்யா. நாலு நிமிஷத்துல குதிரைகூட சுத்தாது. நீயா..." உருண்டையின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "நீயா வாயத் திறப்பியா, நான் திறக்க வைக்கணுமான்னு பார்த்தேன். பன்னிரண்டாவது வரைக்கும் இழுத்திருந்தா இன்னைக்கே வீட்டுக்குத்தான். எச்சரிக்கைக் கடுதாசி தர்றேன், கையெழுத்துப் போடு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் அதது இடத்துல இருக்கணும்."

"சரிங்க சார்."

"அந்தத் தண்ணித் தொட்டி அஞ்சு வருஷமா காஞ்சு கிடக்கு. அதுக்கு எதுக்குக் காவல்? அந்த வில்லைய இந்தக் கொட்டகைப் பின்பக்கம் மாட்டு."

"அதைத்தான் சார் நானும் ரொம்ப நாளா..."

"நீ பேசாத."

மறுநாள் முதல் ரோந்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பாதி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்ததுதான். இரண்டாவது வாரம் ஒரு மணி பத்து நிமிஷம்.

அந்த வாரமே, கொட்டகைப் பின்பக்கம் திரும்பினால், ஒருத்தன் சட்டைக்குள் சைக்கிள் சீட்டைச் செருகிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உருண்டை விசிலை ஊதினார். திருடனைவிட அவர்தான் அதிகம் திடுக்கிட்டார். அவன் சீட்டைப் போட்டுவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தான். முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். துரத்துகிற யோசனையெல்லாம் அவருக்கு வரவே இல்லை. சீட்டைத் தட்டித் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தார். இன்னும் ஐந்து இடம் பாக்கி.