தூபா சித்தியின் இலையுதிர்காலம்

ஈரானின் ஹமதான் நகரில் அந்தப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் தூபா சித்திதான். இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டால் தூபாவுக்குக் கால் தரையில் பாவாது. பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க, தெருவோரச் சினார் மரங்களுக்குக் கூட்டிப்போவாள். மஞ்சள் இலை ஒரு கூடையில், சிவப்பு இன்னொரு கூடையில். சருகானதெல்லாம் மிதித்து நொறுக்குவதற்கு. இலையின் முதுகில் சாயம் பூசித் தாளில் அச்செடுப்பார்கள். மாதுளையை உடைத்து முத்துகளை எண்ணுவார்கள். சரியாக எண்ணியவர் அவற்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். தப்பாக எண்ணியவரும் போட்டுக்கொள்ளலாம். பச்சை வால்நட் காய்த் தோல் உரித்த நாளில் சாறு பட்டுக் கறுத்த விரல்களோடு பிள்ளைகள் வீடு திரும்ப, மறுநாள் தாய்மார் சண்டைக்கு வருவார்கள். தூபா தன் கறுத்த விரல்களையும் நீட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

இத்தனைக்கும் ஏழு வயது வரை மரம் இலை உதிர்க்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. பிறந்தது தெற்கே கொர்ரம்ஷஹரில். அங்கே திரும்பின பக்கமெல்லாம் பேரீச்சை. ஈராக்கோடு போர் தொடங்கியதும் அம்மா அவளையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு லாரி ஏறினாள். பின்னால் வருகிறேன் என்று சொல்லி ஊரைக் காக்கத் தங்கிய அப்பா வரவேயில்லை.

ஹமதானில் ரொட்டிக்காரர் யதுல்லா தன் வீட்டில் ஓர் அறையைச் சும்மாவே கொடுத்தார். அவர் வாசலில் ஒரு மல்பெரி மரம். அது மளமளவென்று இலை கொட்டுவதைப் பார்த்த தூபாவுக்கு நெஞ்சு பதறியது. மரம் சாகிறது, யாரும் கவனிக்கவில்லை! தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். குளிர் இறங்கிய ஒரு காலை அந்தத் தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. ரொட்டிக்கடைக்குக் கிளம்பிய யதுல்லா தடாலென்று மல்லாந்து விழுந்தார்.

"யாரு பார்த்த வேலைடா இது? என் இடுப்பே போச்சு!"

வாளியும் கையுமாக நின்ற தூபா அழுதுவிட்டாள். "மரம் சாகுது மாமா. நீங்க யாருமே ஒண்ணும் பண்ணல."

இடுப்பைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தவர், "சாகல கண்ணு, தூங்குது. நீ அதையும் தூங்க விடல, என்னையும் நிக்க விடல" என்றார். பிறகு அந்த வாளியைப் பிடுங்கிக்கொள்ளாமல், "இதுல நாளைக்கு ரொட்டி போட்டுத் தர்றேன், கடைக்கு வா" என்றார். குளிர்காலம் முழுக்க சூடான ரொட்டி வந்தது. வசந்தத்தில் இலையும் வந்தது. பிள்ளைகளோடு வாழும் வேலையைத் தூபா தேடிக்கொண்டதற்கு அந்த மனிதர்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். அவர் இருந்தவரை புத்தாண்டுக்கு முதல் தட்டு இனிப்பு அவர் வீட்டுக்குத்தான் போனது.

போன வருஷம், கொர்ரம்ஷஹருக்குப் பக்கத்து ஊரான அபாதானிலிருந்து ஹூரா என்ற சிறுமி பள்ளிக்கு வந்தாள். அப்பாவுக்கு ஹமதானில் வேலை கிடைத்துக் குடும்பமே வந்திருந்தது. வந்த முதல் வாரம் அவள் வாய் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் பிள்ளைகள், தாளில் வரைந்த மொட்டை மரத்துக்கு இலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹூராவைக் காணோம். பசைப் புட்டியையும் காணோம்.

"சித்தி, இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை!" என்று முற்றத்திலிருந்து கத்தினாள் இளம் ஆசிரியை தர்லான். நாற்காலி மேல் ஏறி நின்று, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாக அங்கிருந்த மல்பெரி மரத்தின் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தாள் ஹூரா. சட்டையெல்லாம் பசை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா" என்றாள் தூபா. ஹூராவின் பக்கத்தில் போய் நின்றாள். "என்னம்மா பண்றே?"

"மரத்துக்கு உடம்பு சரியில்ல" என்றாள் ஹூரா. அதுதான் அவள் அங்கே பேசிய முதல் பேச்சு.

தூங்குகிறது என்று மட்டும் சொல்லத் தூபாவுக்கு மனம் வரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். இலைக்காம்பு விழுந்த தழும்பை ஹூராவுக்குக் காட்டினாள். அதற்குச் சற்று மேலே, கோதுமை மணி அளவில் பழுப்பாக ஒரு மொட்டு.

"அடுத்த வருஷத்து இலை இதுக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. அதுக்கு இடம் விட்டுட்டுத்தான் இந்த வருஷத்து இலை கீழ இறங்குது."

ஹூரா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுத்த தழும்பைத் தேடினாள். "இங்கயும் இருக்கு!" சிரித்த பிள்ளைகள் இப்போது கண்ணாடிக்கு அடித்துக்கொண்டார்கள். மொட்டு தேடுவதிலேயே அன்றைய பாடம் போயிற்று.

மாலையில் கூட்டிப்போக வந்த ஹூராவின் அம்மா ஜமீலேயிடம் தர்லான் நடந்ததைச் சொன்னாள். ஜமீலே முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தபடி தூபாவிடம் திரும்பினாள். "யக்கா, ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஊரே பட்டுப்போகுதேன்னு. கேட்டா சிரிப்பாகன்னு கம்முனு இருந்துட்டேன்."

பள்ளியின் இலையுதிர்கால விழாவுக்கு மற்றத் தாய்மார் வால்நட்டும் மாதுளையும் கொண்டுவந்தார்கள். ஜமீலே ஒரு குலைப் பேரீச்சையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க ஊர்ல மரமேறிக் குலை எறக்குற காலம்லா இது. அண்ணன் லாரில குடுத்துவிட்டான்."

தூபா குலையைத் தொட்டாள். இடுப்புக் கயிற்றோடு அப்பா மரத்தின் மேலிருந்து "தலய பாத்துக்கோ புள்ள!" என்று கத்தியது காதில் விழுந்தது. பிறந்த ஊரிலும் இலையுதிர்காலம் இருந்திருக்கிறது. அதற்கு அப்பாவின் குரல் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் அதை அவள் நினைத்ததேயில்லை.

"இத கைல புடிக்கப்படாது, மடில வாங்கணும் புள்ளைகளா" என்றாள். பள்ளிக்கூடத்துக் கேலிக்குப் பயந்து சிறுவயதிலேயே விட்டொழித்த தெற்கத்திப் பேச்சு தானாக நாக்கில் வந்தது.

"சித்தி ஹூரா அம்மா மாதிரியே பேசுறாங்க!" என்று ஒரு பொடியன் கூவினான்.

"ஆமாண்டா. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்."

தர்லான் வாயைப் பிளந்தாள். தூபா ஜமீலேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

"நல்லா இருக்கே கதை! நாந்தானே ஒங்களுக்குச் சொல்லணும்?"

"நீயும் சொல்லு. ரெண்டு பேரும் சொல்லிக்குவோம்" என்ற தூபா, முந்தானை போல் விரித்த முக்காட்டில் முதல் பழங்களை வாங்கி ஹூராவிடம் கொடுத்து, எல்லோருக்கும் பங்கு வைக்கச் சொன்னாள்.