பதினோராவது பெயர்

தேவாரம் ஊர்க்கார முத்தையாவைக் கொன்றது எங்கள் கல்லூரி. மலைக்காய்ச்சல் என்பார்கள், அது பிறகு வந்தது.

கம்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மலையிலிருந்து வந்த கண்டக்டர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "ஒங்க ஹாக்கிக்கார அண்ணே போயிட்டாக தம்பி. ஏலக்காத் தோட்டத்துல காய்ச்சல். நேத்துத்தேன் தேவாரத்துக்குக் கொண்டாந்தாக" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மதுரை விடுதியில் அவரோடு இருந்தவர்களுக்கு அவர் அறைச் சுவர் நினைவிருக்கும். ஒரு கால அட்டவணை ஒட்டியிருப்பார். காலையில் வகுப்பு, மாலையில் ஹாக்கி, விளக்கு வைத்ததும் பேச்சு மன்றம் அல்லது நாடக ஒத்திகை, அதன்பின் கணக்குப் பாடம்.

"அண்ணே, இதுல சோத்தைக் காணமே?" என்றேன்.

"ஏலே, பந்து வெளிய போகயில தின்னுக்கிருவோம்."

விளையாட்டுப் பிள்ளை என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். எனக்கு விளங்காத கணக்குகளை மைதானத்து மண்ணில் மட்டை முனையால் போட்டுக் காட்டியவர் அவர். "படிக்க மட்டுந்தேன்னா தேவாரத்துலேயே படிச்சிருப்பேன். நாலு பேரோட நிக்கத்தேன் இங்கன வந்தேன்" என்பார்.

கல்லூரிக்காகத் திருச்சிக்கு ஆடப் போனோம். நான்கு நாள். கோப்பையோடு திரும்பினோம். பிரின்சிபால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். இப்படிப் போகிறவர்களுக்கு அந்த நாள்களும் வகுப்பில் இருந்ததாக வருகை உண்டு. அணித் தலைவர் பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். முத்தையா எங்கள் பத்துப் பேரையும் எழுதி, அடியில் தலைவர் என்று கையெழுத்திட்டார். தன் பெயரை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவன் போகாமலா இருப்பான் என்று நினைத்துவிட்டார்.

தேர்வுக்கு முந்தைய மாதம், தேர்வெழுத வேண்டிய வருகையில் அவருக்கு மூன்று நாள் குறைந்தது. அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா பட்டியலைத் தேடி எடுத்தார்.

"பேரு இல்லையேப்பா."

"அடியில இருக்குறது என் கையெழுத்துத்தேன், சார்."

"கையெழுத்து பேராகுமா?"

பிரின்சிபால் அறையில் எங்கள் கோப்பை பளபளவென்று இருந்தது. "விதி எல்லாருக்கும் ஒன்று" என்றார். அவ்வருடமே பெரிய வக்கீல் மகன் ஒருவன், இருபது நாள் வராதவன், டாக்டர் சீட்டுக் கொடுத்துத் தேர்வு எழுதினான். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் காய்ச்சல் தாராளமாகக் கிடைக்கும். சீட்டு எழுதித்தர டாக்டர்தான் கிடையாது. அன்று அந்த அறையில் நான் முத்தையாவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிய பட்டியலால் வருகை பெற்ற பத்துப் பேரும் தேர்வு எழுதினோம்.

"பந்தடிச்சது போதும், மலைக்குப் போ" என்றார் அவருடைய அப்பா. ஏலத்தோட்டத்தில் கூலியாள் பேர் எழுதும் வேலை. போகும்போது என்னிடம், "ஏலே, அங்கன எல்லாரு பேரையும் ஒழுங்கா எழுதுவேன்" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யார் எந்தப் பட்டியலை நீட்டினாலும், எழுதியவன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

பிரின்சிபாலுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. எனவே எல்லாரும் படிக்கும் இந்த இடத்திலும் அவரையே கேட்கிறேன்: அந்த நான்கு நாளும் முத்தையா வந்திருந்தார் என்று உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள்.