குடியுரிமைக்குச் சான்றாக என் டயரி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் குடியியல் கற்பித்துவந்தேன். குடியுரிமைச் சட்டத்தை மாணவர்களுக்கு விளக்கிய நானே, இந்திய வம்சாவளி என்பதால், ஒருநாள் குடியுரிமை கேட்டு மனைவி செல்லம்மாவுடன் விசாரணை அதிகாரியின் முன் உட்கார்ந்திருந்தேன். பல வருடங்கள் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததற்குச் சான்று வேண்டும் என்றார். ஒரு நாளும் விடாமல் எழுதிய டயரிகளைப் பெருமையோடு மேசையில் அடுக்கினேன்.

அவர் ஒன்றைப் பிரித்து உரக்க வாசித்தார்: “காலையில் மழை. பகல் கருவாட்டுக் குழம்பு. இந்த வாரத்தில் இரண்டாம் முறையாக உப்பு அதிகம். செல்லம்மாவிடம் சொல்லத் துணிவில்லை, சாப்பிட்டேன்.”

செல்லம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“இதை நேத்து உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாம். நீங்க சொல்லுங்கம்மா, இதெல்லாம் உண்மையா?” என்றார் அதிகாரி.

அவள் இல்லையென்று சொன்னால் எங்கள் விண்ணப்பம் அதோடு முடிந்தது.

“உண்மைதாங்க ஐயா,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “உப்பு கூடித்தான் போச்சு. ஆனா அன்னைக்கு இவரு மூணு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னாருங்க. அத மட்டும் எழுதாம விட்டுட்டாரு.”

அதிகாரி சிரித்தபடியே, சான்று போதுமென்று குறித்துக்கொண்டார்.

டயரிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன் என்று அன்றுவரை என்னைப் பற்றி நம்பியிருந்தேன்.