செல்வராணிக்கு மறுக்கப்பட்ட மண்டபம்

பஜனை என்று பொய் சொல்லி நான் மண்டபம் கேட்டதாக அதன் செயலாளர் திருக்கோகர்ணம் முழுவதும் சொல்லித் திரிகிறார். நான் பொய் சொல்லவில்லை. செல்வராணியின் பதினாறாம் நாளன்று அவருடைய பிளாக் மெட்டல் குழு வாசிக்கும் என்று தெளிவாகச் சொன்னேன். "புளூ மெட்டல் ஜல்லி தெரியும். இது எந்தக் கிரஷருங்க?" என்று சிரித்தவர் அவர்தான். கிட்டார், டிரம்ஸ், உறுமி, தொண்டை கிழியக் கத்தல் என்று விளக்கிய பிறகே சம்மதித்தார்.

செல்வராணி என் கணவரின் அக்காள் மகள். என்னைவிட மிக இளையவர். ஆனாலும் 'அவர்' என்றே எழுதுவேன். பெங்களூரில் பாடிவிட்டு வேனில் திரும்பும்போது நெஞ்சுவலி. டிரம்ஸ் வாசிக்கும் முருகேசன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "அம்மா, அக்கா போயிட்டாங்கம்மா." திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

குழு தொடங்கியது என் வீட்டுக் கார் ஷெட்டில். முதலில் ஆங்கிலத்தில், பனிக்காடுகளைப் பற்றிப் பாடினார்கள். கான்வென்ட்டில் பியானோ அருகே நின்று பாடிப் பழகியவள் நான். கேட்கவே சலிப்பாக இருக்கிறது என்றேன். "எங்களுக்குந்தான் அத்தே" என்றார்.

பிறகு கீரமங்கலத்தில் அவருடைய தாயார் இறந்தார். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனால் கிணறு வறண்டு கிடந்தது. சுற்றிலும் அண்ணன்மார் வைத்த தைலமரங்கள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தபோது செல்வராணியும் உட்கார்ந்தார்:

"கெணத்துத் தண்ணி எங்கண்ணே?
தைலமரம் குடிச்சிருச்சா?
ஆத்தாளக் குளிப்பாட்ட
லாரித் தண்ணி வாங்குறியே!"

"எழவு வீட்டுல மானத்த வாங்காத!" என்று பெரியண்ணன் சீறினார்.

"எழவு வீட்டுலதாண்ணே இதக் கேக்க முடியும்."

அந்த ஒப்பாரியே குழுவின் முதல் தமிழ்ப் பாட்டு. ஊரார் இழவு ஒப்பாரிகளும் பின்னால் பாட்டாயின. இலுப்பூரிலிருந்து உறுமிக்காரர் சின்னையா வந்து சேர்ந்தார். "ஏத்தா, இம்புட்டு வெரசா அடிச்சா சாமி எப்புடி எறங்கும்?" என்றார். "இது சாமிய எறக்குறதுக்கு இல்லண்ணே, ஆளுகள எழுப்புறதுக்கு" என்றார் செல்வராணி. முகத்தில் சாம்பலும் கரியும் பூசிக்கொண்டு திருச்சியில் பாடினார்கள். சென்னை, பெங்களூர், ஒருமுறை ஜெர்மனி. இசைத்தட்டும் வந்தது. திருச்சிக்கு நானும் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"பாதிச் சொல்லு விளங்கலையே" என்றேன்.

"விளங்காட்டிப் போகுது. ஒறைச்சுச்சா அத்தே?"

உறைத்தது.

இப்போது கேளுங்கள், அவரை எப்படி அனுப்பினார்கள் என்று. ஐஸ் பெட்டி. மைக் செட்டில் பக்திப் பாட்டு. ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்களையும் அண்ணன்மார் அதட்டி எழுப்பினார்கள். இவர் பாடியதைப் போல யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். குழுவினரைத் தெருமுனையிலேயே மறித்தார்கள். "பொம்பளப் புள்ளயக் கெடுத்தது பத்தாதா? அங்கிட்டே நில்லுங்க." சின்னையா உறுமியைத் தோளில் மாட்டியபடி, குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றார். உடல் அவரைக் கடந்து போனது. அவர் அடிக்கவில்லை, அடிக்க விடவில்லை.

அதனால்தான் மண்டபம் கேட்டேன். சம்மதித்த மூன்றாம் நாள் செயலாளர் தொலைபேசியில் பேசினார். "அது சாத்தான் பாட்டாம்ல? அவுக அண்ணமாரு வருத்தப்படுறாங்க. ஒங்க வயசுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பேசாம ஒரு பஜனை வச்சுக்கங்க." பஜனை என்ற சொல்லை முதலில் சொன்னவர் யார் என்பதை வாசிப்பவர்கள் கவனிக்கவும். என் வயதைப் பற்றி நான் அவரிடம் யோசனை கேட்கவில்லை.

செல்வராணி சாமி கும்பிட்டார், கோபப்பட்டார், உரக்கப் பாடினார். இதில் சாத்தான் எங்கே வந்தது? ஊரார் இழவுக்கெல்லாம் தொண்டை கொடுத்தவருக்கு, அவர் இழவில் ஒரு குரல் இல்லை.

போயிட்டு வா, ராணி. ஒன் ஆளுக வாசிப்பாக.

செயலாளர் அவர்களுக்கு: பதினாறாம் நாள் மண்டபம் உண்டா, இல்லையா? இல்லையென்றால் காரணம் என்ன, தடுத்தவர் யார்? தொலைபேசி வேண்டாம். எழுதிக் கையெழுத்திட்டு என் வீட்டுக்கு அனுப்புங்கள்.