மஞ்சள் குடித்த காகிதம்

சனிக்கிழமைகளில் துரைக்கண்ணுவைத் திண்டிவனத்தில் பார்க்க முடியாது. மல்லாட்டைக் கடலை மண்டியை மச்சானிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார். சுடுமண் பொம்மை, தோல்பை, கையால் செய்த காகிதம் என்று ஒரு பட்டறை விடாமல் நின்று வேடிக்கை பார்ப்பார். வாங்குவதென்னவோ அபூர்வம்.

எண்பத்தைந்தாம் வருஷம் மகள் கல்யாணப் பத்திரிகையை மட்டும் அந்தக் காகிதத்தில் அச்சடித்து, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மறுநாள் அவர் மண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் மனைவி அஞ்சம்மாள், வழக்கப்படி எல்லாவற்றுக்கும் நாலு மூலையிலும் குழைத்த மஞ்சள் தடவியிருந்தாள். காகிதம் அதை உறிஞ்சிக் குடித்துவிட்டது. மூலைகளிலிருந்து மஞ்சள் பூப்போல விரிந்து எழுத்துவரை ஓடியிருந்தது.

“என்னாடி பண்ணி வச்சிக்கிற? கலைப்பொருளுடி அது!”

“மஞ்சா வைக்காத பத்திரிகைய யாரு வூட்டுல போயி நீட்டுவீங்க? பேஜாரு பண்ணாம சாப்பிட வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே அதையேதான் ஊரெல்லாம் கொடுத்தார்.

அஞ்சம்மாள் போய்ப் பல வருஷம் ஆகிறது. கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பத்திரிகை மாட்டியிருக்கிறது. “பாண்டிச்சேரியில வாங்கினதுங்களா?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

“பேப்பரு மட்டும்தான் அங்க,” என்பார் துரைக்கண்ணு. “படம் நம்ம வூட்டுல போட்டது.”