கையைப் பின்னால் கட்டிக்கொண்ட சிஸ்டர்

செவிலியர் பழனியம்மாள் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், மலைமேல் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் மிளகு போட்டிருக்கும் ராசு. "சிஸ்டர் காலையில தவறிட்டாங்க சார்" என்றார்.

சிஸ்டரும் நானும் மலை மக்களுக்காக ஒரு மருத்துவ இணையதளம் தொடங்கினோம். எழுதுவது நான், சரிபார்ப்பது சிஸ்டர். முகப்பில் சூரியோதயம், நகரும் படங்கள், என் முன்னுரை, பக்கத்தில் தலைமுடி இருந்த காலத்து என் போட்டோ எனக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோடித்திருந்தேன். ஒவ்வொரு பக்கமும் "உடனடியாக மருத்துவரை அணுகவும்" என்று முடியும். சிஸ்டர் படித்துவிட்டு, "எந்த பஸ்ஸுலீங்க, எழுத்தாளரே?" என்றார்.

அவர் சோதிக்கும் முறையே தனி. பஸ்ஸுக்கு நிற்பவரிடம் போனைக் கொடுத்து, "பாம்பு கடிச்சிருச்சுன்னு வச்சுக்க கண்ணு. என்ன பண்ணோணும்னு இதுல தேடு" என்பார். பிறகு இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அன்று அகப்பட்டவர் ராசுவின் மனைவி மல்லிகா. என் முன்னுரையிலேயே சிக்கிக்கொண்டார். உதவப் பாய்ந்த என்னை சிஸ்டர் தடுத்தார்: "சும்மா இருங்க. கடிச்ச அன்னிக்கு நீங்க கூட இருப்பீங்களா?"

மல்லிகா நிமிர்ந்து கேட்டார்: "இந்த போட்டோவுல இருக்கறவரு பாம்பு கடிச்சுச் செத்தவருங்களா?"

அன்றே முகப்பிலிருந்து சூரியனோடு நானும் அஸ்தமித்தேன். டவர் இல்லாவிட்டாலும் போனில் திறக்கும்படி, சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்: கட்டாதீங்க. கீறாதீங்க. நடக்க விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கடைசியில் ஊர் ஜீப்காரர் நம்பர்.

அடுத்த மழையில் மிளகுக்கொடி அடியில் ராசுவை விரியன் கடித்தது. ஒருவர் கயிற்றோடும் இன்னொருவர் பிளேடோடும் ஓடிவர, மல்லிகா நடுவில் நின்று அந்த நாலு வரியை உரக்க வாசித்தாராம். ராசுவை ஜீப்பில் படுக்க வைத்து, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரி சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

நான் லட்டோடு போனேன். சிஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மல்லிகாவிடம், "வாசிக்கறப்ப எங்கியாச்சும் தடுக்குச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப் நம்பர் அடியில் இருந்ததால் தேட வேண்டியிருந்தது என்றார் மல்லிகா. அன்று சாயங்காலமே நம்பர் மேலே ஏறியது. ஓர் உயிர் பிழைத்திருக்கிறது, இந்த அம்மாள் இன்னும் குறை தேடுகிறாரே என்று அண்ணாந்து பார்த்தேன். இன்னும் கழுத்தை இறக்கவில்லை.

சிஸ்டரின் பாடையைத் தூக்கியவர்களில் முன்னால் நடந்தவர் ராசு.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கைகட்டலை மட்டும்தான். இந்த அஞ்சலியை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு இடத்தில் அவர் கண்ணைத் துடைத்தார். முடித்ததும், எங்கேயாவது தடுக்கியதா என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி நெறையா வருதுங்க" என்றார்.

இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன்.