ஃபிளஷ் என்ற பொத்தான்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்கு இரண்டு சபைகள் இருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் பட்டியல். ஒருவர் எழுதினால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். ஊரில் இருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு கலந்துரையாடல் குழு. அங்கிருப்பவர்கள் பாடசாலை மதிலைப் பற்றி எழுதுவார்கள். இங்கிருப்பவர்கள் அந்த மதிலில் சாய்ந்து நின்றுகொண்டு வேறு எதையாவது எழுதுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

கணினியைத் திறக்கவும் மூடவும் தெரிந்த ஒரே காரணத்தால் இரண்டுக்கும் நான்தான் பொறுப்பாளர். இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் தள்ளி நிற்பது வழக்கம். ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து, குழுவில் எழுதுவது தானாகவே பட்டியலுக்கும் போகும்படி செய்துவிட்டேன். மனைவிக்குக் காட்டினேன்.

"உதாலை ஆருக்கு என்ன லாபம்?" என்றாள்.

"உலகத்தை ஒண்டாக்கியிருக்கிறன்."

"முதல்லை கிணத்து மோட்டரைத் திருத்துங்கோ."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் குழுவைத் திறந்தேன். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நண்பர் எழுதியிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "ஐயா இன்று விடிய மோசம் போய்விட்டார். நாளை காலை பத்து மணிக்குக் கிரியை. தங்கச்சி கனடாவிலிருந்து சென்னை வழியாக வந்துகொண்டிருக்கிறாள். ஐயாவுக்குக் கொஞ்சம் ஏலாது, சுகமில்லை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்கு வந்தபிறகு நானே பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். தயவுசெய்து வெளிநாட்டுப் பக்கம் ஒருவருக்கும் சொல்லவேண்டாம்."

அண்ணையின் தகப்பனாரை நினைத்து ஒரு நிமிடம் துக்கப்பட்டேன். இரண்டாவது நிமிடம் நேற்று நான் செய்த இணைப்பு நினைவுக்கு வந்தது. தங்கச்சியும் எங்கள் பள்ளிக்கூடம்தான். தங்கச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள்.

இத்தனை வருடமாக ஏன் இரண்டு சபைகள் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களிடம் இரண்டு விதமான செய்திகள் இருந்தன. கடல் தாண்டிப் போகக்கூடியது ஒன்று. ஆள் வந்து இறங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்தபிறகு சொல்லவேண்டியது மற்றது. நடுவில் இருந்த மதிலை நான் இடித்துவிட்டேன், அதுவும் பெருமையாக.

பட்டியலின் உள்ளே போய்ப் பார்த்தேன். கடவுள் கொஞ்சம் இரங்கியிருந்தார். தங்கச்சி ஒவ்வொரு கடிதமாகப் பெறுபவள் அல்ல. ஒருநாள் கடிதங்களைச் சேர்த்துக் கட்டி, மாலை ஆறு மணிக்கு ஒரே கட்டாக அனுப்பும்படி கேட்டிருந்தாள். அவளுடைய விமானம் பலாலியில் பகல் பன்னிரண்டுக்கு இறங்கும். ஆறு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

சும்மா இருப்பது எனக்குக் கைவராத கலை. அந்தக் கட்டையே இல்லாமல் செய்துவிட்டால் நிம்மதி என்று பட்டது. தேடினேன். கட்டுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஃபிளஷ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஃபிளஷ் இருக்கிறது. அதை இழுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இதை அமத்தினால் எல்லாம் போயிடும்," என்றேன்.

"எங்கை போகும்?" என்றாள் மனைவி.

அமத்தியபிறகுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிந்தது. கணினிக்காரருடைய ஊரில் ஃபிளஷ் என்றால் தேங்கி நிற்பதை உரியவர்களுக்கு உடனே தள்ளிவிடுவதாம். 'கட்டு அனுப்பப்பட்டது' என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. மணி ஒன்பது. தங்கச்சி அப்போது சென்னையில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பாள். தன்னந்தனியாக.

செத்த வீட்டுக்கு ஓடினேன். குற்றத்தை ஒத்துக்கொள்ளத்தான் ஓடினேன். அண்ணை படலையடியில் என்னைக் கண்டதும் தோளைப் பிடித்தார்.

"நல்ல நேரம் வந்தாய். என்னோடை பலாலிக்கு வா."

"அண்ணை, ஒரு விசயம்…"

"பிறகு சொல்லு. நீ பகிடிக்காரன். அவளுக்கு உன்ரை கதை எண்டால் விருப்பம். வீடு வருமட்டும் எதையாவது கதைச்சுச் சிரிக்கவை. நான் வாயைத் திறந்தால் அழுதுபோடுவன்."

அதற்குமேல் என் வாயும் திறக்கவில்லை. வாசலில் சாரதியோடு நின்ற வானில் ஏறினேன். வழி நெடுக, அவள் விமான நிலையத்தில் மயங்கி விழுந்திருப்பாளோ, விமானத்தைத் தவறவிட்டிருப்பாளோ என்று நினைத்து வியர்த்தேன். அண்ணை தாளில் எதையோ எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தங்கச்சியிடம் சொல்லப்போகும் முதல் வசனம்.

அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "ஐயா எப்படி?" என்று கேட்டாள். "கிடக்கிறார்," என்றார் அண்ணை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நான் என் தொழிலைத் தொடங்கினேன். மோட்டர் திருத்தப்போய் நானே கிணற்றுக்குள் இறங்கிய கதை. அவள் சிரித்தாள், சரியான இடங்களில். கடவுளே, வாசிக்கவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

சுன்னாகத்தில் அண்ணை வானை நிறுத்திச் சோடா வாங்க இறங்கினார். சாரதியும் கூடப் போனான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கெண்டு போட்டிருக்கு. நேரம் மாறேல்லைத்தானே?"



"நான்தான்," என்றேன். "தெரியாமல் அமத்திப்போட்டன். நான்தான் பிள்ளை."

"விளங்கிச்சுது. பொறுப்பாளர் எண்டு உங்கடை பேர்தான் அடியிலை கிடந்தது." கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "சென்னையிலை ஆரோ ஒரு அம்மா பக்கத்திலை வந்திருந்து கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. என்னெண்டு அவவும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

நான் அழத் தொடங்கினேன். அவள் அழவில்லை.

"அண்ணைக்குச் சொல்லாதேங்கோ. தானே சொல்லவேணும் எண்டு எழுதியிருக்கிறார். சொல்லட்டும்." அண்ணை சோடாப் போத்தல்களோடு தெருவைக் கடப்பது தெரிந்தது. "கண்ணைத் துடையுங்கோ. அந்தக் கிணத்துக் கதையை முடியுங்கோ."

முடித்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பகிடி அது. இணுவில் தாண்டும்வரை இழுத்தேன், நிறுத்தினால் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில்.

ஒழுங்கையில் வான் திரும்பியதும் பந்தல் தெரிந்தது. அண்ணை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். எழுதிவைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. "தங்கச்சி, ஐயா…" என்றார். அவ்வளவுதான்.

அவள் முதல்முறை கேட்பவளாகவே கேட்டாள். பிறகு அண்ணையின் தோளில் விழுந்து, காலை ஒன்பது மணியிலிருந்து அடக்கிவைத்திருந்ததை அழுதாள். நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனேன்.